ஓப்பன் சோர்ஸ் ரேடியோ போர்டு: எந்த அடுக்கு வரை திறந்தது?

கேள்வி, 2025 பிப்ரவரி 2

எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் வைஃபை சிப்பான ஈஎஸ்பி32 வைத்துச் செய்த ஒரு சென்சார் போர்டு. ஸ்கீமாட்டிக் (சர்க்யூட் வரைபடம்) இருக்கிறது, ஃபர்ம்வேரின் (சிப்பில் ஓடும் மென்பொருளின்) மூலக் கோடு இருக்கிறது, எல்லாம் கிட்ஹப்பில் கிடக்கிறது. இதை ஓப்பன் சோர்ஸ் வயர்லெஸ் ஹார்டுவேர் என்று சொல்லலாம்தானே? சொல்லக் கூடாது என்று ஒருவர் சண்டைக்கு வருகிறார். ஏன் என்று விளங்கவில்லை.

பிப்ரவரி 3, காலை

சொல்லலாம். எதுவரை திறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

எஸ்பிரெசிஃப் தரும் மென்பொருள் தொகுப்பை இறக்கி, அதில் வைஃபை பகுதிக்குள் இருக்கும் லிப் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அங்கே இருப்பவை மூலக் கோடு இல்லை, முன்பே கம்பைல் செய்த, நாம் படிக்க முடியாத பைனரி லைப்ரரிகள். உங்கள் ஃபர்ம்வேரில் ஒவ்வொரு வரியும் திறந்ததாகவே இருக்கட்டும். லிங்க் ஆகும்போது, அதாவது எல்லாத் துண்டுகளும் ஒரே கோப்பாக இணையும்போது, இந்த மூடிய துண்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். காற்றில் பாக்கெட் எப்போது போகிறது, எந்தப் பவரில் போகிறது, எப்போது திரும்ப அனுப்பப்படுகிறது, எல்லாவற்றையும் அதுதான் தீர்மானிக்கிறது. ரேடியோ என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதுவே அதற்குள்தான் இருக்கிறது.

போர்டு திறந்தது, அப்ளிகேஷன் திறந்தது, ரேடியோ மூடியது. உங்களோடு சண்டைக்கு வந்தவர் சொல்ல வந்தது இதுவாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 3, இரவு

காலையில் எழுதியதைப் படித்தால் அந்தச் சிப்பைத் தொடவே கூடாது என்பது போலத் தொனிக்கிறது. அப்படி எண்ணிவிடாதீர்கள். 2014-ல் ஈஎஸ்பி32-இன் முன்னோடியான ஈஎஸ்பி8266 வந்தபோது அது சீரியல் போர்ட்டில் ஏடி கட்டளை கொடுத்தால் வைஃபையில் சேரும் ஒரு சின்ன மாட்யூல், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்த அக்டோபரில் மென்பொருள் தொகுப்பு வெளியானதுமே, அந்தச் சிப்பிலேயே நேராக நிரல் எழுத உதவும் நோட்எம்சியு திட்டம் தொடங்கிவிட்டது. அப்புறம் ஆர்டுயினோ என்ற எளிய நிரல் சூழலுக்கும் வந்தது. பொழுதுபோக்காகச் செய்பவர்கள் விடாமல் தோண்டியதால்தான் அந்த மாட்யூலின் உள்ளே ஓடும் புரோசஸர் நம் கைக்கு வந்தது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன்.

பிப்ரவரி 5

"அப்படியானால் லோரா மட்டும் திறந்ததா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். லோரா என்பது குறைந்த பவரில் வெகுதூரம் சின்னச் செய்திகளை அனுப்பும் ரேடியோ முறை. அதுவும் மூடியதுதான், ஆனால் வேறு இடத்தில்.

செம்டெக் நிறுவனத்தின் லோரா சிப்பான எஸ்எக்ஸ்1276-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டேட்டாஷீட்டில் ஒவ்வொரு ரெஜிஸ்டரும் (சிப்பின் அமைப்புகளை வைக்கும் சிறு நினைவிடம்) விளக்கப்பட்டிருக்கிறது. எஸ்பிஐ பஸ்ஸில் (சிப்புகள் பேசிக்கொள்ளும் சில வயர்கள்) கட்டி, யாருடைய லைப்ரரியும் இல்லாமல் டிரைவரை நீங்களே எழுதிவிடலாம். வயர் கட்டி முடித்ததும் நான் முதலில் செய்வது ஹெக்ஸ் 42 முகவரியில் உள்ள ரெஜிஸ்டரை வாசிப்பது. அது சிப்பின் பதிப்பு எண். ஹெக்ஸ் 12 என்று திரும்பி வந்தால் வயரிங் சரி. எல்லாம் பூஜ்யமாகவோ எஃப்எஃப் ஆகவோ வந்தால் சிப் செலக்ட் வயரையோ மிசோ வயரையோ பாருங்கள், கோடில் தேட வேண்டாம். அதிர்வெண்ணும் அப்படியே: 32 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 2-இன் 19-ஆம் அடுக்கால் வகுத்தால் ஏறக்குறைய 61 ஹெர்ட்ஸ். அந்தப் படிகளில் எண்ணி மூன்று ரெஜிஸ்டரில் எழுதினால் சிப் அந்த இடத்தில் போய் நிற்கும். எல்லாம் கண் முன்னால் நடக்கிறது.

காற்றில் போகும் சிக்னல்தான் மூடியது. செம்டெக் நிறுவனம் 2012-ல் சைக்லியோ என்ற சிறு நிறுவனத்தை வாங்கித்தான் இந்த நுட்பத்தைப் பெற்றது. அதிர்வெண் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ போகும் சிர்ப்புகள், அதற்கு மேல் பிழை திருத்தம், இன்டர்லீவிங் (பிட்டுகளை இடம் மாற்றி அடுக்குவது), வைட்டனிங் (ஒரே பிட் தொடர்ந்து வராமல் கலப்பது). இந்த முழு வரிசையையும் செம்டெக் வெளியே எழுதி வைக்கவில்லை. ஆய்வாளர்கள் எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) வைத்துச் சிக்னலைப் பிடித்து, ஒவ்வொரு பிட்டாகப் பிரித்துக் கண்டுபிடித்தார்கள். இன்று க்னூ ரேடியோ என்ற திறந்த மென்பொருளில் ஓடும் திறந்த லோரா ரிசீவர்கள் அப்படி வந்தவை.

பிப்ரவரி 6

நேற்றைய பதிலை இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும். இரண்டும் மூடியவை என்று சொல்லி நிறுத்தினால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். எனக்கு அவை ஒன்றாகப் படவில்லை.

லோரா சிப்பில் மூடிய பகுதி சிலிக்கானுக்குள் இருக்கிறது. எனக்கும் அதற்கும் நடுவே எஸ்பிஐ வயர்கள். அந்த வயர்களில் என்ன போகிறது, என்ன வருகிறது என்று லாஜிக் அனலைசர் வைத்துப் பார்த்துவிடலாம். ஈஎஸ்பி32-ல் மூடிய பகுதி என் கோடு ஓடும் அதே புரோசஸரில், அதே மெமரியில் ஓடுகிறது. என் இன்டரப்ட் ஏன் தாமதமாகிறது, ஹீப் (நிரலுக்குக் கிடைக்கும் காலி மெமரி) ஏன் குறைகிறது என்று தேடிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் சுவர் வந்துவிடும். அதற்கு அப்பால் பார்க்க வழியில்லை.

பிரிகர்சர் என்ற திறந்த கைக்கருவியை வடிவமைத்தவர்கள் இதைத் தெளிவாக யோசித்திருக்கிறார்கள். வைஃபையை அவர்கள் தனிச் சிப்பில் ஒதுக்கி, அதை நம்பத் தகாததாகவே வைத்துக்கொண்டு மற்றதைக் கட்டினார்கள். மூடிய துண்டைத் தவிர்க்க முடியாத இடத்தில் அதற்கு ஒரு வேலி போடுவது நல்ல வழி.

அப்புறம், ஈஎஸ்பி32-இன் வைஃபை லைப்ரரியைப் பிரித்துப் படித்து, அதற்குப் பதிலாகத் திறந்த ஒன்றை எழுதும் முயற்சியும் நடக்கிறது. அந்த மூடிய லைப்ரரி வழியாகப் போகாமலே ஃபிரேம் அனுப்பவும் வாங்கவும் முடிகிற அளவுக்கு வந்துவிட்டார்கள். ஹார்டுவேரை எழுப்பிவிடும் தொடக்க வேலைக்கு மட்டும் மூடிய கோடு தேவைப்பட்ட நிலையில்தான் முதல் பதிப்புகள் வந்தன. ஆவணமே இல்லாத ரெஜிஸ்டர்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்து அர்த்தம் கண்டுபிடிக்கும் வேலை அது. அதைச் செய்பவர்களின் பொறுமைக்கு ஒரு வணக்கம்.

பிப்ரவரி 12

இதுவரை பேசியதெல்லாம் மென்பொருள்காரர் பார்வை. நிஜத்தில் திறந்த ரேடியோ திட்டங்கள் கவிழும் இடம் ஆன்டெனா. இதைப் பற்றித்தான் அதிகம் எழுத நினைத்தேன்.

நண்பர் ஒருவர் இணையத்தில் இருந்த ஒரு லோரா போர்டின் கெர்பர் ஃபைல்களை (பலகையை அச்சடிக்கத் தரும் கோப்புகள்) அப்படியே எடுத்து, சாதாரண 1.6 மில்லிமீட்டர் இரண்டு லேயர் பலகையில் அச்சடித்து, ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார். ஃபர்ம்வேர் நன்றாக ஓடியது. ஆனால் திட்டத்தின் பக்கத்தில் சொன்ன தூரத்தில் பாதிகூட வரவில்லை. சிப்பிலிருந்து ஆன்டெனா கனெக்டருக்குப் போகும் டிரேஸைப் (பலகையின் செம்புக் கோடு) பார்த்தேன். ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நீளம், 0.35 மில்லிமீட்டர் அகலம். அந்த அகலம், கிரவுண்ட் பிளேன் (அடியில் விரியும் செம்புத் தளம்) 0.2 மில்லிமீட்டர் கீழேயே இருக்கும் நான்கு லேயர் பலகைக்கு, ஆன்டெனாவோடு பொருந்த வேண்டிய 50 ஓம் இம்பீடன்ஸைத் தரும். இரண்டு லேயரில் கிரவுண்ட் 1.6 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. அங்கே 50 ஓம் வேண்டுமானால் அகலம் சுமார் 3 மில்லிமீட்டர் வேண்டும். திட்டத்தின் கோப்புகளில் லேயர் அடுக்கு விவரம் எங்குமே இல்லை. ரீட்மீயில் 50 ஓம் என்று எழுதியிருந்தது, ஆனால் பாவம், செம்புக்கு வாசிக்கத் தெரியாது.

சிப்பின் பக்கத்தில் மெல்லிய கோஆக்ஸியல் கேபிளைச் சால்டர் செய்து, ஆன்டெனா இடத்தில் 50 ஓம் லோடை மாட்டி, அனுப்பிய சிக்னலில் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் நானோவிஎன்ஏவில் பார்த்தேன். 868 மெகாஹெர்ட்ஸில் ரிட்டர்ன் லாஸ் 6 டெசிபல் அளவு. அனுப்பும் பவரில் கால் பங்கு டிரேஸிலேயே திரும்பி வருகிறது என்று அர்த்தம்.

அந்த நானோவிஎன்ஏ பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜப்பானிய ஆர்வலர் ஒருவர் தொடங்கி, வடிவமைப்பையும் கோடையும் வெளியிட்ட கருவி அது. 2019-ல் அதை ஒட்டி மலிவான பதிப்புகள் வந்தபிறகு, ஆய்வகத்தில் மட்டும் இருந்த ஒரு அளவீடு யார் மேசைக்கும் வந்துவிட்டது. திறந்த ஹார்டுவேர் என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் இதைத்தான் காட்டுவேன். ஒன்றைக் கவனியுங்கள்: பழைய பதிப்புகளில் 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஹார்மோனிக்கை (அதிர்வெண்ணின் மடங்கு) வைத்துத்தான் அளக்கிறது, அதனால் அங்கே இரைச்சல் கூடும். ஓப்பன், ஷார்ட், லோடு மூன்றையும் கேபிளின் கடைசி முனையில் வைத்துக் காலிபரேட் செய்யுங்கள். கருவியின் வாயில் செய்துவிட்டுக் கேபிளை மாட்டினால், கேபிளையும் சேர்த்துத்தான் அளக்கிறீர்கள்.

பிப்ரவரி 13

"கால் பங்கு திரும்பினால் இழப்பு 1.25 டெசிபல்தான். அதற்காகத் தூரம் பாதியாகுமா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். அருமையான கேள்வி. ஆகாது. தடையில்லாத வெளியில் தூரம் பாதியாக 6 டெசிபல் போக வேண்டும். டிரேஸ் கதையின் ஒரு பகுதி மட்டும்தான்.

மீதி, கனெக்டரில் மாட்டியிருந்த ஆன்டெனாவில் இருந்தது. சுருள் ஸ்பிரிங் ஆன்டெனா, போர்டின் ஓரத்தில் மடங்கி, 18650 லித்தியம் பேட்டரிக்கு இணையாகப் படுத்திருந்தது. இவ்வளவு பெரிய உலோகம் அருகிலேயே இருந்தால் ரெசனன்ஸ் (ஆன்டெனா நன்றாக வேலை செய்யும் அதிர்வெண்) நகர்ந்துவிடும், கதிர்வீச்சும் குறையும். அதைக் கழற்றிவிட்டுக் கால் அலைநீளத்துக்கு ஒரு சாதாரணக் கம்பியைச் செங்குத்தாக நிறுத்தினேன். 868 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 34.5 சென்டிமீட்டர், கால் பங்கு 8.6. கொஞ்சம் நீளமாக வெட்டி, விஎன்ஏவைப் பார்த்துக்கொண்டே நுனியை நறுக்கிக்கொண்டு வந்தால் சரியான இடத்தில் நின்றுவிடும். திட்டத்தின் பக்கத்தில் சொன்ன தூரத்தை அந்தக் கம்பி எட்டியது. டிரேஸ் அப்படியேதான் இருந்தது.

எனவே ஒரு போர்டைப் பார்க்கும்போது முதலில் ஆன்டெனாவைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள், அப்புறம் டிரேஸ், அப்புறம் மற்றவை.

பிப்ரவரி 13, கொஞ்ச நேரம் கழித்து

ஆன்டெனா மாட்டாமல் டிரான்ஸ்மிட் செய்யாதீர்கள், பவர் ஆம்ப்ளிஃபையர் போய்விடலாம். யு.எஃப்எல் கனெக்டர் 30 தடவை மாட்டிக் கழற்றத்தான் உத்தரவாதம், அதைச் சும்மா சும்மா கழற்றக் கூடாது. எஸ்எம்ஏ, ரிவர்ஸ் எஸ்எம்ஏ இரண்டும் ஒன்றில் ஒன்று திருகிக்கொள்ளும். நடுவில் ஊசி இரண்டிலும் இல்லாத ஜோடியும் அழகாகத் திருகும், தொடர்பு மட்டும் இருக்காது. வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள்.

பிப்ரவரி 17

தலைப்பிலிருந்து சற்று விலகி பேட்டரி பக்கம் போகிறேன், ஏனென்றால் முதல் கேள்வி கேட்டவரின் போர்டு பேட்டரியில் ஓட வேண்டியது.

ஈஎஸ்பி32 டீப் ஸ்லீப்பில் (ஆழ்ந்த உறக்க நிலையில்) சுமார் 10 மைக்ரோஆம்பியர்தான் எடுக்கும். மலிவான டெவலப்மென்ட் போர்டில் அளந்தால் பல மில்லிஆம்பியர் காட்டும். ஸ்கீமாட்டிக்கைத் திறந்தால் காரணம் கண்ணில் படும்: மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர். அது தனக்காகவே சுமார் 5 மில்லிஆம்பியர் குடிக்கிறது. அதோடு எப்போதும் எரியும் பவர் எல்இடி, யுஎஸ்பி சீரியல் சிப். 2500 மில்லிஆம்பியர் மணி பேட்டரி, ரேடியோ ஒரு பாக்கெட்கூட அனுப்பாமலே, மூன்று வாரத்தில் காலி.

எச்டி7833 போல ஓய்வு மின்னோட்டம் சில மைக்ரோஆம்பியர் உள்ள ரெகுலேட்டரை வையுங்கள். எம்சிபி1700 இன்னும் குறைவாக எடுக்கும், ஆனால் 250 மில்லிஆம்பியர்தான் தாங்கும். வைஃபை டிரான்ஸ்மிட் உச்சம் அதைத் தொட்டுவிடும், அதனால் அங்கே நான் அதை வைக்க மாட்டேன்.

இதை ஏன் இங்கே எழுதினேன் என்றால், வைஃபை பைனரி மூடியிருந்தும் இந்தச் சிக்கல் எனக்கு ஐந்து நிமிடத்தில் புலப்பட்டது. சிக்கல் இருந்த அடுக்கு திறந்திருந்தது, அதனால். முதல் நாள் நான் எழுதிய பதிலில் இந்தப் பக்கத்துக்குப் போதிய எடை கொடுக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. பாதி திறந்த போர்டும் உங்கள் பிரச்சினை அந்தப் பாதியில் இருந்தால் முழுசாக உதவும்.

பிப்ரவரி 20

லைசென்ஸ் பற்றிக் கேட்டவர்களுக்கு. ஃபர்ம்வேருக்கு ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் லைசென்ஸைப் போட்டுவிட்டால் போர்டுக்கும் சேர்த்து ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஹார்டுவேருக்கென்றே, ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் எழுதிய லைசென்ஸ் இருக்கிறது. 2020-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் மூன்று வகை: மாற்றங்களையும் திறந்தே ஆக வேண்டும் என்பது, ஓரளவு கட்டுப்படுத்துவது, எதுவும் கேட்காதது. "வணிகப் பயன்பாடு கூடாது" என்று போட்டால் அது திறந்த ஹார்டுவேர் வரையறைக்குள் வராது, நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி.

பிடிஎஃப் ஸ்கீமாட்டிக், கெர்பர் மட்டும் கொடுத்துவிட்டுத் திறந்தது என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கெர்பரை அச்சடிக்கலாம், திருத்த முடியாது. நண்பரின் போர்டில் நடந்தது அதுதான். கீகேட் (பலகை வடிவமைக்கும் திறந்த மென்பொருள்) ஃபைல் இருந்திருந்தால் லேயர் அடுக்கை அதில் பார்த்திருக்கலாம், டிரேஸையும் திருத்தியிருக்கலாம்.

பிப்ரவரி 24

"முழுசாகத் திறந்த ரேடியோ ஒன்றாவது இருக்கிறதா?"

சிலிக்கான் வரை என்றால் எனக்குத் தெரிந்து இல்லை. ஹேக்ஆர்எஃப் ஒன் என்ற எஸ்டிஆர் 1 மெகாஹெர்ட்ஸிலிருந்து 6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். அதன் போர்டு கீகேட்டில், ஃபர்ம்வேர் திறந்தது. ஆனால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்சீவர் சிப் கடையில் கிடைக்கும் மூடிய சிப்தான். ஓப்பன்வைஃபை என்ற திட்டம் வைஃபையின் பேஸ்பேண்டையே (பிட்டுக்கும் சிக்னலுக்கும் நடுவே உள்ள பகுதி) எஃப்பிஜிஏவில் (உள் இணைப்பை நாமே மாற்றக்கூடிய சிப்) வெரிலாக் மொழியில் எழுதித் தந்திருக்கிறது. ஈஎஸ்பி32-ல் சுவருக்கு அப்பால் இருப்பதை அங்கே வரி வரியாகப் படிக்கலாம். கற்றுக்கொள்ள அதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது. மின்சாரமும் விலையும் அதிகம், பேட்டரி சென்சாருக்கு ஆகாது.

ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்று 2024 இறுதியில் வந்த ரவுட்டர் வேறொரு பக்கத்தில் திறந்தது. இரண்டு தனி ஃபிளாஷ் சிப், ஒன்றைக் கெடுத்துவிட்டால் இன்னொன்றிலிருந்து எழுப்பிவிடலாம். டிரைவர் லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே திறந்த கோடாக இருக்கிறது. ரேடியோவுக்குள் ஏற்றும் ஃபர்ம்வேர் மட்டும் பைனரி.

என் மனதுக்கு மிக நெருக்கமானது எம்17 என்ற திறந்த டிஜிட்டல் குரல் முறை. அமெச்சூர் ரேடியோவில் டிஜிட்டல் குரல் வந்தபோது, டி-ஸ்டார், டிஎம்ஆர் என்ற இரண்டு முறைகளிலும் குரலைச் சுருக்கும் பகுதி ஆம்பி என்ற மூடிய கோடெக். மற்ற எல்லாவற்றையும் நீங்களே செய்தாலும், அந்த ஒரு துண்டுக்காகச் சிப்பை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. தானே கட்டிப் பார்ப்பதற்காகவே இருக்கும் ஒரு பொழுதுபோக்கில் நடுவில் ஒரு பூட்டு. டேவிட் ரோ எழுதிய கோடெக் 2 அந்தப் பூட்டைத் திறந்தது. 2019-ல் போலந்தில் தொடங்கிய எம்17 அதை எடுத்துக்கொண்டு மாடுலேஷன் முதல் பாக்கெட் வடிவம் வரை அத்தனையையும் எழுதி வெளியிட்டது. சொந்தமாக அனுப்ப அமெச்சூர் லைசென்ஸ் வேண்டும், கேட்பதற்கு ஒரு எஸ்டிஆர் போதும். அப்படிக் கேட்கும்போது அந்தக் குரலின் ஒவ்வொரு பிட்டும் எங்கிருந்து வந்தது என்று எனக்குக் காட்டத் தெரியும். அந்த நிறைவு எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை.

மார்ச் 1

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "சரி, எதில் தொடங்கட்டும்? நேராக மெஷ்டாஸ்டிக் போடலாமா?" என்கிறார்.

போடலாம். லோரா போர்டுகள் ஒன்றுக்கொன்று செய்தியைக் கடத்தும் வலையமைப்புக்கான ஃபர்ம்வேர் அது. நல்ல திட்டம், ஜிபிஎல். ஆனால் அதற்கு முன் இரண்டு லோரா மாட்யூலை வைத்து, லைப்ரரி இல்லாமல், ரெஜிஸ்டரில் எழுதி ஒரு பைட்டை இங்கிருந்து அங்கே அனுப்பிப் பாருங்கள். ஒரு வாரக் கடைசி போதும். அதற்குப் பிறகு மெஷ்டாஸ்டிக்கின் செட்டிங் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணும் உங்களோடு பேசும்.

உதாரணத்துக்கு அதன் வழக்கமான லாங்ஃபாஸ்ட் முறையில் ஸ்பிரெடிங் ஃபேக்டர் (ஒரு சிர்ப் எவ்வளவு நீளும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 11, பேண்ட்விட்த் 250 கிலோஹெர்ட்ஸ். 2-இன் 11-ஆம் அடுக்கு 2048, அதை 250 ஆயிரத்தால் வகுத்தால் ஒரு சிம்பலுக்கு 8.192 மில்லிவிநாடி. ஐம்பது பைட் செய்தி அரை விநாடியைத் தாண்டிவிடும். அதைக் கேட்ட நோடுகள் (வலையில் உள்ள மற்ற போர்டுகள்) திரும்ப அனுப்பும், வழக்கமான ஹாப் எல்லை (எத்தனை முறை கடத்தலாம் என்பது) 3. ஒரு செய்திக்குக் காற்று எவ்வளவு நேரம் அடைபடுகிறது என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரும் அனுப்பினால் யாருக்கும் எதுவும் போய்ச் சேராது. ஹாப் எல்லையை 7-க்கு ஏற்றிவிட்டால் தூரம் கூடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட வேண்டும்.

சோலாரில் வெளியே வைக்கப் போகும் நோடு என்றால் குறைந்த மின்சாரத்தில் ஓடும் என்ஆர்எஃப்52840 சிப் உள்ள போர்டை எடுங்கள். எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய ரிப்பீட்டருக்கு ஈஎஸ்பி32 மின்சாரத்தை அதிகம் தின்னும். சென்சாரைப் பற்றி முன்பு சொன்ன டீப் ஸ்லீப் கணக்கு இங்கே உதவாது, ரிப்பீட்டர் தூங்க முடியாது.

மார்ச் 4

முதல் கேள்வி கேட்டவர் தன் போர்டை வெளியிடப் போகிறாராம். நல்ல செய்தி. கீகேட் ஃபைல்களை அப்படியே போடுங்கள். பலகை எத்தனை லேயர், ஒவ்வொன்றுக்கும் நடுவே எவ்வளவு தடிமன் என்று எழுதுங்கள். ஆன்டெனாவின் பார்ட் நம்பர், மேட்சிங் கெப்பாசிட்டர், இன்டக்டர் மதிப்புகள், எந்தப் பேண்டுக்கு அவை என்பதும் வேண்டும். 868-க்குச் சரி செய்தது 915-க்கு அப்படியே பொருந்தாது. வைஃபை பகுதி பைனரி என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், உங்களோடு சண்டைக்கு வந்தவருக்கும் அது போதும்.

விஎன்ஏ படத்தைப் பேட்டரி போட்டு, பெட்டியை மூடி எடுங்கள். பிளாஸ்டிக் அருகில் வந்ததும் ஆன்டெனாவின் ரெசனன்ஸ் கீழே இறங்கும். திறந்த மேசையில் எடுத்த படம் அந்த இறக்கத்தைக் காட்டாது. படத்தை அனுப்புங்கள், என்னிடம் இருக்கும் பெட்டியில் எடுத்ததோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.